நான்கு மணி அடுப்பு

கப்பெல்லாரி வீட்டில் அந்தக் குளிர்காலம் முழுவதும் மாலை நான்கு மணிக்கு யாரும் உரக்கப் பேசியதில்லை.

சாப்பாட்டு அறை மூலையில் நிற்கும் பெல்லட் அடுப்பு அந்த நேரத்துக்குத் தானாகவே விழித்துக்கொள்ளும். முதலில் உள்ளே யாரோ தொண்டையைக் கனைப்பது போல ஒரு சத்தம். பிறகு மேல் தொட்டியிலிருந்து பெல்லட்டுகள், மரத்தூளை இறுக்கிச் செய்த அந்தச் சின்னக் குச்சிகள், இரும்புக் கிண்ணத்தில் ஒவ்வொன்றாக விழும். டக்… டக்… கொஞ்ச நேரம் புகை மட்டும் சுழலும். அப்புறம் கண்ணாடிக்குப் பின்னால் நெருப்பு எழுந்து நிற்கும்.

எல்வியோ வைத்துவிட்டுப் போன நேரம் அது. தான் காட்டிலிருந்து இறங்கி வரும்போது வீடு சூடாக இருக்க வேண்டும் என்று, அடுப்பு வந்த அன்றைக்கே அவன் பொத்தானை அழுத்திப் பதித்துவிட்டான். போன அக்டோபரில் மேல் சரிவில் மரம் அவன் மேல் சாய்ந்தது. அவன் இனி வரமாட்டான் என்று அடுப்பிடம் யாரும் சொல்லவில்லை.

அந்த நேரத்தை மாற்ற யாருக்கும் கை வரவில்லை. அவன் மனைவி லுயிஜீனா மூன்றரைக்கெல்லாம் அவனுடைய கறுப்பு வெல்வெட் செருப்புகளைக் கொண்டுவந்து அடுப்பின் முன்னால் வைப்பாள். நெருப்பு பிடித்ததும் செருப்பு சூடாகும். ஆறு மணிக்கு எடுத்துப் பழையபடி அலமாரியில் வைத்துவிடுவாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் மாரா அதைப் பார்க்காதது போல இருந்துகொள்வாள். எல்வியோவின் அக்காள் ஒத்தாவியா பார்ப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள்.

ஒத்தாவியா சொல்லாமல் விடுகிற விஷயங்கள் அந்த வீட்டில் குறைவு. எழுபதைத் தாண்டியும் முதுகு வளையாதவள். கல்யாணம் வேண்டாம் என்று பிறந்த வீட்டின் பெயரையே கடைசிவரை சுமக்கத் தீர்மானித்தவள். அந்தப் பெயரில் ஒரு தூசி படிந்தால்கூடத் தன் முகத்தில் படிந்ததாக நினைப்பவள்.

டாக்டர் ஒரே ஒரு ஆறுதல் சொல்லியிருந்தார். மரம் விழுந்த கணமே உயிர் போயிருக்கும், வலியே தெரிந்திருக்காது என்று. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று பெண்களும் பனிக்காலத்தைக் கடந்தார்கள்.

ஆனால் அந்த நாளில் ஒன்று மட்டும் யாருக்கும் விளங்கவில்லை. எல்வியோவோடு காட்டுக்குப் போன நாய் மோரோ, அன்று அடுப்பு எரியத் தொடங்கிய அதே நேரத்தில், வீட்டு வாசல் கம்பிக் கதவில் கட்டப்பட்டு நின்றது. ஜன்னல் வழியே அதை முதலில் பார்த்தவள் ஒத்தாவியாதான். இருட்டிய பிறகுதான், காட்டில் உடலைக் கண்ட வேட்டைக்காரர்கள் வந்து சேதி சொன்னார்கள். அவர்களில் யாரும் நாயைத் தொடவே இல்லை.

கட்டியது யார்?

முடிச்சு அவளுக்கு அவிழவில்லை. எல்வியோ போடும் முடிச்சு ஒரே இழுப்பில் விட்டுக்கொடுக்கும். இது இரட்டைச் சுற்று, நுனியை அடிப்பக்கமாக இடது புறம் செருகியிருந்தது. சமையல் கத்தியால் கயிற்றை அறுத்துத்தான் நாயை விடுவித்தாள். முடிச்சு இன்னும் அந்தக் கதவுக் கம்பியிலேயே பனியில் விறைத்துக் கிடக்கிறது.

*

பிப்ரவரியில் ஒரு நாள் பிற்பகல் மாரா மூன்று கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் பிடித்து மேஜைமேல் வரிசையாக வைத்தாள். பக்கத்தில் மூன்று காகிதப் பொட்டலங்கள்.

"என்னடி இது, உன் மருந்துக்கடையைத் தூக்கிட்டு வந்துட்டியா?" என்றாள் ஒத்தாவியா.

"பெல்லட் பாக்கறோம் அத்தை. அப்பா வாங்கி வச்சது இன்னிக்கு நாளைக்குள்ள தீந்துடும். போன வாரம் நீங்க வாங்கின மூட்டை என்ன கதி ஆச்சுன்னு மறந்துட்டீங்களா?"

ஒத்தாவியா மறக்கவில்லை. டவுனில் பெரிய கடையில், வெள்ளை வெளேரென்று இருக்கிறதே என்று தானே பொறுக்கி எடுத்த மூட்டை. அதைப் போட்ட அன்று கண்ணாடி கரிந்தது. எரிகிண்ணத்தில் சாம்பல் உருகிக் கல்லாக இறுகியது. ஐந்து மணிக்கு நெருப்பு செத்து, அடுப்பு சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கீச்சு கீச்சென்று கத்தியது. லுயிஜீனா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனவள், வெகுநேரம் வெளியே வரவில்லை.

அன்று ஒத்தாவியாவுக்கு ஒன்று புரிந்தது. என்றைக்கு நான்கு மணிக்கு அந்த அடுப்பு எரியாமல் போகிறதோ, அன்றுதான் தன் தம்பி இந்த வீட்டிலிருந்து நிஜமாகவே வெளியேறுவான்.

"இதெல்லாம் கண்ணால பாத்தாலே தெரியும். தண்ணியில போட்டு வேடிக்கை பாக்கணுமா?"

"நீங்க கண்ணால பாத்துதானே அத்தை வாங்கினீங்க?"

லுயிஜீனா அடுப்பங்கரையில் சோளமாவுக் கூழான பொலெந்தாவைக் கிளறியபடி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். மாதக்கணக்கில் அந்த முகத்தில் சிரிப்பின் நிழலே விழுந்ததில்லை.

மாரா முதல் பொட்டலத்திலிருந்து ஒரு பிடி போட்டாள். வெள்ளை. பாதிக் குச்சிகள் மேலே மிதந்தன.

"மிதந்தா சரியா இறுக்கலைன்னு அர்த்தம். விறுவிறுன்னு எரிஞ்சு தீந்துடும், சூடு நிக்காது. இது உங்க மூட்டை."

"சரி, சரி. அடுத்ததைப் போடு."

இரண்டாவது மூழ்கியது. ஆனால் வெகுநேரமாகியும் கல் போலக் கிடந்தது, கரையவே இல்லை. தண்ணீரில் மட்டும் கலங்கல்.

"இதுல பசை மாதிரி என்னமோ சேத்திருக்காங்க போல. நல்ல பெல்லட்டுன்னா மரத்துல இருக்கற பிசினே பிடிச்சுக்கணும், தண்ணி பட்டா திரும்பத் தூளாயிடணும்."

"நீ பெல்லட் வாங்கறியா, மாப்பிள்ளை பாக்கறியா?"

"மாப்பிள்ளைன்னா இவ்வளவு பாக்க மாட்டேன் அத்தை."

"பாக்கணும். பிடிக்கலைன்னா இதையாவது மூட்டையோட திருப்பிக் குடுக்கலாம்."

மூன்றாவது பொட்டலத்தை மாரா சற்றுத் தயங்கித்தான் பிரித்தாள். தேன் நிறத்தில், பளபளப்பான, ஒரே அளவுக் குச்சிகள். அடியில் தூளே இல்லை. தண்ணீரில் விழுந்ததும் நேராக அடிக்குப் போய், மெல்ல மலர்ந்து, சுத்தமான மரத்தூளாக விரிந்தன. தண்ணீர் தெளிவாக நின்றது.

ஒத்தாவியா ஒரு குச்சியை எடுத்து இரண்டாக ஒடித்தாள். சட்டென்று முறிந்தது. மூக்கருகே கொண்டுபோனாள்.

அவள் கை அப்படியே நின்றது.

பிசின் வாசனை. மேல் சரிவின் ஊசியிலை மரங்கள் வெயிலில் நிற்கும்போது வருமே, அது. எல்வியோவின் சட்டைக் காலரில் இருந்த அது. நான்கு மணிக்கு அடுப்பின் தொட்டியைத் திறந்தால் முகத்தில் வந்து மோதுகிற அதே வாசனை.

"இதுதான்," என்றாள். அவள் குரல் இறங்கியிருந்தது. "எல்வியோ வாங்கினது இதேதான். எந்தக் கடைடி?"

மாரா அம்மாவைப் பார்த்தாள். லுயிஜீனா கரண்டியைப் பார்த்தாள்.

"கடை இல்ல அத்தை. கீழ ஆத்தோரமா இருக்கே… பெல்லீனா மில்லு."

*

நாற்பது வருஷத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஊரே படியிறங்கும்போது, கிழவர் பெல்லீனா ஒத்தாவியாவின் தகப்பனாரைப் பார்த்துச் சொன்னார்: "எல்லைக் கல்லை நகர்த்தினவனுக்கு நற்கருணை எதுக்கு?"

அன்றிலிருந்து கோயிலின் பெரிய கதவு வழியாகத் தகப்பனார் உள்ளே நுழையவில்லை. பக்கவாட்டுச் சின்னக் கதவு வழியாகவே போனார், வந்தார். அவர் சவப்பெட்டியும் அவர் சொல்லிவிட்டுப் போனபடி அந்தக் குறுகலான கதவில்தான் சாய்த்து நுழைக்கப்பட்டது. அக்டோபரில் எல்வியோவின் பெட்டியும் அதே வழிதான். கல்லறைச் சுவருக்கு வெளியே பெல்லீனா மகன் ரென்சோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றதை ஒத்தாவியா பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்வியோ செத்ததும் மேல் சரிவில் இரு வீட்டுக் காடுகளையும் பிரிக்கிற அந்த எல்லைக் கல்லுக்கு அருகில்தான்.

"அந்த மில்லுல எந்த மரத்தை அரைக்கறான்னு தெரியுமாடி உனக்கு? புயல்ல விழுந்தது, வண்டு அரிச்சது எல்லாம் அவன்கிட்டதான் போகுது. உங்கப்பன் மேல விழுந்த மரமும் போயிருக்கும். அதை எடுத்துட்டு வந்து இந்த வீட்டு அடுப்புல போட்டு, அதுல நான் குளிர் காயணுமா?"

மாராவின் முகம் வெளுத்தது. அவள் அதை யோசித்திருக்கவில்லை.

"அத்தை… லாரி மூணரை மணிக்கு வருது. சொல்லியாச்சு."

"யாரைக் கேட்டு?"

"என்னைக் கேட்டு," என்றாள் லுயிஜீனா, திரும்பாமலே.

ஒத்தாவியா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். "வர்ற லாரி வந்த வழியே போகும். பத்தாயத்துல இன்னும் இருக்கு. அடியில இருக்கறதை வழிச்சா இன்னிக்குப் பொழுது போகும். நாளைக்கு நானே டவுனுக்குப் போறேன்."

"அண்ணி, நீங்க கீழ போகாதீங்க. நான் எடுத்துட்டு வரேன்."

"எனக்கு ரெண்டு காலும் இருக்கு."

"அண்ணி!"

இருபத்தைந்து வருஷத்தில் லுயிஜீனா அவளைப் பார்த்து அப்படிக் குரல் உயர்த்தியதில்லை. அந்தக் குரலே ஒத்தாவியாவை நிலவறைக்கு அனுப்பிவைத்தது.

*

நிலவறையில் அந்தக் காலத்துத் தானியப் பத்தாயம் ஒன்று இருந்தது. மற்ற வீடுகளில் பெல்லட் மூட்டையோடுதான் அடுக்கியிருக்கும். எல்வியோ மட்டும் ஒவ்வொரு வசந்தத்திலும் மூட்டைகளைப் பிரித்து இந்தப் பத்தாயத்தில் கொட்டிவிடுவான். ஏன் என்று கேட்டதற்கு, "பிளாஸ்டிக் பையைப் பாத்தா வீடு கடை மாதிரி இருக்கு அக்கா," என்றான். அந்தப் பதிலில் ஒத்தாவியாவுக்குப் பெருமைகூட இருந்தது. நம் வீட்டுப் பிள்ளை, நம் வீட்டுப் பெட்டி.

மூடியைத் தூக்கினாள். அந்த வாசனை குளிர்ந்துபோய் மேலே வந்தது. யாரோ கதவுக்குப் பின்னால் நிற்பது போலவே இருந்தது அவளுக்கு. திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே குனிந்து முறத்தால் வழித்தாள். இரண்டு முறம்கூடத் தேறவில்லை. அதிலும் பாதி தூள். தூளைப் போட்டால் அடுப்புக்குள் அடைத்துக்கொள்ளும் என்பது அவளுக்கும் தெரியும். இன்னும் அழுத்தி வழித்தபோது முறத்தின் விளிம்பில் ஏதோ சிக்கியது.

பலகைக்கு ஈரம் ஏறாமலிருக்க அடியில் பைகளை விரித்திருந்தான். வெறும் பைகள், திருப்பிப் போட்டவை. ஒன்றை இழுத்துப் புரட்டினாள்.

பையில் சிவப்பு மையில் அச்சடித்த மரம் ஒன்று. அதன் கீழே, ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பெல்லீனா என்ற அந்தப் பெயர்.

அடுத்ததைப் புரட்டினாள். அதுவும். அதற்கடுத்ததும்.

படிக்கட்டில் காலடி கேட்டது. லுயிஜீனா பாதிப் படியில் நின்றாள்.

"எத்தனை வருஷமா?" என்றாள் ஒத்தாவியா, பத்தாயத்துக்குள் பார்த்தபடி.

"அடுப்பு வந்ததுலேந்து."

"நீ கூட நின்னு கொட்டினியா?"

"நான் மூட்டையைப் பிரிப்பேன். அவர் கொட்டுவார். நீங்க கோயிலுக்குப் போற நேரமாப் பாத்து." லுயிஜீனா இன்னும் ஒரு படி இறங்கினாள். "இந்தப் பள்ளத்தாக்குலயே அதுதான் நல்லதுன்னு சொன்னார் அண்ணி. நம்ம மலை மரம், எங்கேயோ கப்பல்ல வர்றது இல்ல. 'அக்காவுக்கு முழங்கால் வலி, நல்ல சூடு வேணும். ஆனா அக்காவுக்குத் தெரிஞ்சா பனியில வேணாலும் உக்காருவாளே தவிர இதுல காய மாட்டா'ன்னார். உங்களுக்கு மறைக்கணும்னு இல்ல. உங்க மனசு நோகக் கூடாதுன்னு."

ஒத்தாவியா பையை மடித்தாள். இன்னொரு முறை மடித்தாள். இத்தனை வருஷமாக எதிரியின் சூட்டில் உட்கார்ந்துகொண்டு எதிரியைத் திட்டியிருக்கிறாள். அவளுக்கு எதிரில் உட்கார்ந்து தம்பி வெல்வெட் செருப்புக்குள் கால்விரல்களை ஆட்டிக்கொண்டு, "ஆமாம் அக்கா, ஆமாம் அக்கா," என்றிருக்கிறான்.

"திருட்டுப் பயல்," என்றாள். செத்துப்போனவனிடம் கோபித்துக்கொள்ள வழியில்லாத கோபம் அது.

வெளியே லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

*

ரென்சோ பெல்லீனா தானே ஓட்டி வந்திருந்தான். அறுபதை நெருங்கும் ஆள், பெரிய கைகள். கதவுக்கு வெளியிலேயே நின்றான். உள்ளே கால் வைக்கவில்லை.

வாசற்படியில் ஒத்தாவியா நின்றாள். அவளுக்குப் பின்னால் மாரா, லுயிஜீனா. எல்லாருக்கும் தெரியும், அவள் ஒரு வார்த்தை சொன்னால் லாரி திரும்பிவிடும் என்று. தொட்டி காலி. பத்தாயம் காலி. உள்ளே அடுப்பின் முன்னால் செருப்புகள் வைத்தாகிவிட்டது.

சுவர்க் கடிகாரம் நான்கை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒத்தாவியா தகப்பனாரை நினைத்தாள். குறுகிய கதவில் சாய்ந்து நுழைந்த பெட்டியை நினைத்தாள். பிறகு அதே கதவில் சாய்ந்து நுழைந்த இன்னொரு பெட்டியை.

"மாரா," என்றாள், ரென்சோவைப் பார்க்காமல். "இந்த வீட்டு ஆம்பளை உசிரோட இருந்தப்போ ஒரு முடிவு எடுத்திருக்கான். எனக்குப் பிடிச்சாலும் பிடிக்காட்டாலும் அது கப்பெல்லாரி வீட்டு முடிவு. அதை மாத்தற உரிமை எனக்கு இல்ல. மூட்டையை இறக்கச் சொல்லு."

"அத்தை…"

"ஆனா பத்தாயத்துல கொட்டக் கூடாது. பேர் தெரியற மாதிரி முன் சுவர்ல அடுக்கணும். எரிக்கறதுன்னு ஆச்சு, ஊர் பாக்க எரிப்போம்."

முதல் மூட்டையை அவளே பிரித்தாள். மாரா தூக்கிக்கொடுக்க, அவளே தொட்டியில் சரித்தாள். சரித்த வேகத்தில் இரண்டு குச்சிகள் செருப்புக்குள் விழுந்தன. லுயிஜீனா அதை எடுக்கப் போனாள், எடுக்காமலே விட்டுவிட்டாள்.

நான்கு மணி.

அடுப்புக்குள் கனைப்பு கேட்டது. டக்… டக்… புகை சுழன்றது. மூன்று பெண்களும் மூச்சை அடக்கி நின்றார்கள். எந்த மரம் இது? எல்லைக் கல் பக்கத்தில் நின்றதா? தன் தம்பியைச் சாய்த்த அதே மரம்தானா? ஒத்தாவியா கண்ணை மூடிக்கொண்டாள்.

முகத்தில் சூடு பட்டது. கண்ணாடி தெளிவாக இருந்தது. நெருப்பு, அவன் இருந்த நாட்களைப் போலவே, நேராக நின்று எரிந்தது.

லுயிஜீனா மெதுவாக அழுதாள். ஒத்தாவியா அவள் தோளில் ஒரு கணம் கை வைத்தாள். அதற்கு மேல் அவளுக்கு வராது.

வெளியே மூட்டை இறங்கும் சத்தம் ஓய்ந்திருந்தது. ஒத்தாவியா அலமாரியைத் திறந்து சிறிய கண்ணாடிக் கோப்பை ஒன்றில் திராட்சைச் சாராயம் ஊற்றினாள்.

"எங்க போறீங்க அண்ணி?"

"விறகு கொண்டுவந்தவனை ஒரு வாய் குடுக்காம அனுப்பற பழக்கம் இந்த வீட்டுல இல்ல. யாரா இருந்தாலும்."

கோப்பை சிந்தாமல் பனியில் நடந்தாள். ரென்சோ முதுகைக் காட்டிக்கொண்டு லாரியின் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் காலடியில் மோரோ படுத்திருந்தது. அந்நியர் யார் வந்தாலும் ஊரைக் கூட்டுகிற நாய், அவன் பூட்ஸின் மேல் தலையை வைத்துக்கொண்டு கிடந்தது.

ஒத்தாவியா நின்றாள்.

அவன் கைகள் வேலை செய்வதைப் பார்த்தாள். கயிறு ஒரு சுற்று. இன்னொரு சுற்று. நுனியை அடிப்பக்கமாக, இடது புறம், ஒரு செருகல்.

அவள் கண் தானாகக் கதவுக் கம்பிக்குப் போனது. பனியில் விறைத்த அந்தப் பழைய முடிச்சு. மறுபடி லாரிக்கு வந்தது. கோப்பையிலிருந்து சாராயம் அவள் விரல்மேல் வழிந்தது.

"நாயைக் கட்டினது நீதானா?"

நாற்பது வருஷத்தில் ஒத்தாவியா ஒரு பெல்லீனாவைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

ரென்சோ திரும்பினான். தொப்பியைக் கழற்றினான். அவன் பார்வை அவளைத் தாண்டி, ஜன்னலுக்குள் தெரிந்த நெருப்பில் போய் நின்றது.

"நான் இதை அன்னிக்கே வந்து சொல்லியிருக்கணும்மா," என்றான். "மரத்துக்கு அடியில கிடந்தபடியே, நாயை வீட்டுல கொண்டுபோய்க் கட்டிட்டு வான்னு எல்வியோதான் என்கிட்ட சொன்னான்."